வியாழன் பக்கத்தில் நாலு புள்ளி

ஸ்டுடியோவின் பின்னறையில்தான் எங்கள் மாலைப் புகைப்பட வகுப்பு நடக்கும். முன்னறையில் படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல், இரண்டு விளக்குகள், சுவரில் ஒரு நீலத் திரை, ஒரு வெள்ளைத் திரை. நடுவில் மரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் அக்காவின் கம்ப்யூட்டர், பிரிண்டர், படம் வெட்டும் கத்திப் பலகை. அதற்கும் பின்னால் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் ஐந்து பேர். செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்கு வகுப்பு.

பகலில் நான் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறேன். வேலை முடிந்து, விரலில் ஒட்டிய பசை டேப்பை உரித்துக்கொண்டே நடந்தால் ஆறு இருபத்தெட்டுக்கு வந்துவிடலாம். மாஸ்டர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போய், சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகம் வந்து, மறுபடி எழுதுவேன். அதனால் மாஸ்டர் எனக்கு வைத்த பெயர் ‘டைரி’. இதையும் அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நோட்டில் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று இருக்கிறது. அது வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஸ்டுடியோ அவருடையது. படம் எடுப்பது அவர் வேலை, அதைத் துடைத்துச் சுத்தம் செய்து அச்சடிப்பது அவர் மனைவியின் வேலை. அவரை நாங்கள் அக்கா என்போம். பதினாறு வருடமாக அவர் கை வழியாகப் போகாமல் ஒரு படமும் அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை. வகுப்பு நடக்கும்போது அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரியும். திரையில் யாரோ ஒருவரின் முகம் பெரிதாக நிற்கும். அக்கா மவுஸை நகர்த்தி ஒரு தட்டுத் தட்டுவார், பரு போய்விடும். இன்னொரு தட்டு, கோட்டின் தோளில் விழுந்திருந்த பொடுகு போய்விடும். ஒருமுறை நான் பக்கத்தில் போய் நின்று, எதை வைக்க வேண்டும் எதை எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“மச்சத்தை விட்டுடணும். மச்சத்தை எடுத்துட்டா ஆளே மாறிட்டான்னு சண்டைக்கு வருவாங்க. பருவை எடுத்துடணும். கறுப்புல வெள்ளையா எது இருந்தாலும் தூசி, யோசிக்கவே வேண்டாம்.”

“யோசிக்கவே வேண்டாமா?”

“ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சி வருது டைரி. யோசிச்சா ராத்திரி சோறு யாரு ஆக்கறது?”

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரம் வகுப்பில் நிலாவைப் படம் எடுப்பது பற்றிய பாடம். பேக்கரிக்காரர்தான் கேட்டு வாங்கிய பாடம் அது. அவரும் எங்களில் ஒருவர். விடிகாலையில் ரொட்டி சுடுகிறவர் என்பதால் வகுப்பில் பாதி நேரம் தூங்குவார். முழித்தால் கேள்வி கேட்பார்.

“நான் எடுத்தா வெள்ளைத் தட்டு மாதிரி வருது மாஸ்டர். உள்ள ஒண்ணுமே இல்ல.”

“எவ்வளவு நேரம் திறந்து வச்சீங்க?”

“இருட்டாச்சேன்னு ஒரு வினாடி.”

“இருட்டு உங்களுக்கு. நிலாவுக்கு இல்ல. அது நட்ட நடு வெயில்ல கிடக்கிற கல்லு. வெயில்ல கல்லை எப்படி எடுப்பீங்க? வினாடியில இருநூத்தம்பதுல ஒரு பங்கு. அதுக்கு மேல திறந்தா கருகின ரொட்டிதான்.”

“வெள்ளையா கருகற ரொட்டியை இப்பதான் கேள்விப்படறேன்” என்றார் பேக்கரிக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவர் எழுந்து தேநீர் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாஸ்டர் கெட்டிலை எடுத்து ஊற்றினார். முதல் கிளாஸில் சரியாக விழுந்தது. இரண்டாவது கிளாஸுக்கு ஒரு விரற்கடை தள்ளி, தட்டிலேயே ஊற்றினார். தேநீர் தட்டில் நிரம்பி, மேசைக்கு வழிந்து, என் நோட்டின் ஓரத்தை நனைத்தது. அவர் அதுவரைக்கும் நிறுத்தவில்லை.

“பாருங்க” என்றார் அக்கா. எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். “நீங்களே பாருங்க. இது இந்த வாரத்துல மூணாவது தடவை.”

“கெட்டில் மூக்கு வளைஞ்சிருக்கு.”

“கெட்டிலுக்கு மூக்கு வளையல. ஆஸ்பத்திரிச் சீட்டு பதினோரு நாளா பிரிட்ஜ் மேல கிடக்கு. சக்கரை வியாதியால ரெண்டு கண்ணுலயும் நடுவுல நீர் கோத்திருக்கு, ஒரு மாசத்துக்குள்ள ஊசி போட ஆரம்பிக்கணும், இல்லன்னா போன பார்வை போனதுதான், திரும்ப வராதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. இவரு என்னடான்னா அது மேல சாவியை வச்சுக்கிட்டுப் போறாரு.”

“வகுப்பு நடக்குது” என்றார் மாஸ்டர்.

“நடக்கட்டும். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

“எதுக்குத் தெரியணும்? நாளைக்கு ஊர் பூரா தெரியும். கண்ணு தெரியாதவன்கிட்ட எவன் வந்து உட்காருவான்? நீ வந்து உட்காருவியா? கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்களா? என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இந்த மாசம் எடுத்த படத்துல ஒண்ணு, ஒரே ஒண்ணு, ஆடியிருக்கா சொல்லு.”

அக்கா நனைந்த என் நோட்டைத் தூக்கித் தள்ளி வைத்தார். பிறகு, “எல்லாத்தையும் கேமராவே பாத்துக்குது. ஆட்டோவுல போட்டு அமுக்கறீங்க. அது கூர்மை பண்ணுது. நீங்களா பாக்கறீங்க?” என்றார்.

மாஸ்டரின் முகம் மாறியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் தன் கைக்குட்டையால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமி” என்றார் மாஸ்டர். “நிலாவுக்குப் பக்கத்துலயே வியாழன் நிக்குது. அந்தப் பழைய நீள லென்ஸை மாட்டறேன். அதுல ஆட்டோவே கிடையாது, இவளுக்குத் தெரியும். என் கண்ணால பாத்து, என் கையால திருப்பி, ரெண்டையும் எடுக்கறேன். வியாழனைச் சுத்தி நாலு நிலா இருக்கு. அதுவும் விழணும். விழுந்துச்சுன்னா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“விழலன்னா?”

“விழலன்னா நீ சொல்ற நாளைக்கு, சொல்ற பஸ்ல, வந்து உட்காரறேன்.”

“இவங்க எல்லாம் சாட்சி” என்றார் அக்கா.

“வியாழன் வெள்ளிக்கிழமையும் வருமா மாஸ்டர்?” என்று கேட்டார் பேக்கரிக்காரர். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

புதனும் வியாழனும் மேகம். ஒட்டும் புழுக்கம், கூரியர் அலுவலகத்தில் பார்சலின் மேல் ஒட்டிய முகவரித் தாள்கள் வழுக்கிக் கழன்றன. வெள்ளி மதியம் காற்று எழுந்து மேகத்தைக் கிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. ஆறரை மணிக்கு மற்றவர்கள் வரவில்லை. ஒரு குடும்பத்தின் சண்டையில் சாட்சி நிற்க அவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். பேக்கரிக்காரர் ஆறு பன் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பாடத்தை விட மனமில்லை என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஸ்டுடியோவின் மேல்தளத்தில் அவர்கள் வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி, இரண்டு கொடிக் கயிறு, காயாத போர்வை ஒன்று. மாஸ்டர் முக்காலியை விரித்தார். அவர் கை வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு திருகைக்கூட அவர் தேடவில்லை. காற்றுக்கு ஆடாமல் இருக்க முக்காலியின் நடுக் கொக்கியில் தண்ணீர் நிரப்பிய கேனைத் தொங்கவிட்டார். நீள லென்ஸை, குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி, அடியில் உள்ளங்கை கொடுத்து மாட்டினார். படத்தைக் கூர்மையாக்கத் திருப்பும் அதன் ரப்பர் வளையத்தில் ஓரிடத்தில் ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார்.

நிலா எதிர்வீட்டுத் தொட்டிக்குப் பின்னாலிருந்து அழுக்கு மஞ்சளாக ஏறியது. நாங்கள் காத்திருந்தோம். கீழே இருக்கும்போது காற்றில் துடிக்கும், கொஞ்சம் ஏறட்டும் என்றார். அக்கா பன்னும் தேநீரும் கொண்டுவந்து, தொட்டியின் படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“வந்து பாரு.”

“எனக்கு இப்பக் காட்ட வேண்டாம். பிரிண்ட் போட்டுப் பாத்துக்கறேன்.”

“பன்னாவது சாப்பிடு.”

“நீங்க சாப்பிடுங்க. சக்கரை தூவாததா பாத்து எடுங்க. உங்களுக்கு எது சக்கரைன்னு தெரியுதான்னு பாக்கறேன்.”

மாஸ்டர் பன்னை எடுக்கவே இல்லை.

எட்டரைக்கு நிலா வெளுத்தது. அதற்கு வலப்பக்கம், கையை நீட்டினால் மூன்று விரல் தள்ளி, இமைக்காத ஒரு ஒளி. நட்சத்திரம் மினுங்கும், கோள் மினுங்காது என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் கேமராவின் கண்ணாடியில் கண்ணை வைத்தார். வளையத்தைத் திருப்பினார், முன்னே, பின்னே, மறுபடி முன்னே. எடுத்தார். பின்பக்கத் திரையில் படம் வந்தது. நிலாவின் விளிம்பு, நனைந்த காகிதத்தில் மை ஊறினாற்போல இருந்தது.

“எப்படி?” என்றார்.

“நல்லா இருக்கு மாஸ்டர்” என்றேன். பிறகு, “இன்னொண்ணு எடுக்கலாமா?” என்றேன்.

இன்னொன்று எடுத்தார். இன்னும் மோசம். நான்காவது படம் எடுக்கும்போது அவர் கழுத்து வியர்த்திருந்தது. படிக்கட்டு விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி, அணைத்துவிட்டு வரப் போனார். படிக்கட்டுக்குப் பத்தடி.

நோட்டில் எழுதாத இடம் இது. அவர் போன அந்த நேரத்தில் நான் லென்ஸ் காணும் நேரடிக் காட்சியைத் திரையில் வரவழைத்து, பத்து மடங்கு பெரிதாக்கி, ரப்பர் வளையத்தை ஒரு நகத்தளவு திருப்பினேன். நிலாவின் குழிகள் சட்டென்று எழுந்து நின்றன. ஏன் செய்தேன்? அவர் தோற்பதைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததா, இல்லை, பாடம் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே காட்டிக்கொண்டேனா? எத்தனையோ முறை யோசித்தும் பிடிபடவில்லை. அக்காவின் முதுகைப் பார்த்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் திரும்பவில்லை.

மாஸ்டர் வந்து வளையத்தில் கை வைத்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். அதைத் திருப்பாமல் பொத்தானை அமுக்கினார்.

பிறகு லென்ஸை வியாழனுக்கு நகர்த்தினோம். வளையத்தைத் தொடவில்லை. நிலாவின் தூரத்துக்குச் சரியானது வியாழனுக்கும் சரி. கால் வினாடி திறந்து எடுத்தார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“மாஸ்டர், நாலும் இருக்கு! ஊசியால குத்தின மாதிரி. ஒரே கோட்டுல, இடது பக்கம் மூணு, வலது பக்கம் ஒண்ணு.”

“இடது மூணு, வலது ஒண்ணு” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார் மாஸ்டர். “அதான். நாலு.”

அக்கா அங்கே இல்லை; லென்ஸை நகர்த்தும்போதே தேநீர் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போயிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு ஸ்டுடியோவுக்குப் போனேன். மாஸ்டர் முன்னறையில் ஒரு குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “அப்பா கொஞ்சம் சிரிங்க, ஆபீஸ் ஞாபகத்தை விடுங்க” என்று அவர் குரல் கேட்டது. அன்று அந்தக் குரலில் உற்சாகம் இருந்தது. அக்கா தடுப்புக்குப் பின்னால் பாஸ்போர்ட் படங்களைக் கத்திப் பலகையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெரிய படங்கள் காயப் போட்டிருந்தன.

“வா டைரி. உன் மாஸ்டர் தோத்துட்டாரு” என்றார். அவர் குரலில் வென்ற சந்தோஷம் இல்லை. “நிலா என்னமோ நல்லாத்தான் வந்திருக்கு. இன்னொண்ணுல பெருசா ஒண்ணு மட்டும் இருக்கு. நாலு நிலான்னாரு, ஒண்ணைக்கூடக் காணோம். பாவம், ராத்திரி வீட்டுல குதிச்சுக்கிட்டு இருந்தாரு. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

படத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் வியாழன், பட்டாணி அளவில். சுற்றிலும் கரி போலக் கறுப்பு. ஒரு பொட்டு இல்லை.

“அக்கா, இதுல நாலு புள்ளி இருந்துச்சே. இடது பக்கம் மூணு, வலது பக்கம் ஒண்ணு.”

“புள்ளியா?”

“ரொம்பச் சின்னதா, வெள்ளையா.”

அக்காவின் கை கத்தியின் பிடியிலேயே நின்றுவிட்டது. “அதுவா நிலா? நான் நிலான்னா வட்டமா இருக்கும்னு இல்ல தேடினேன்? ஐயோ, அது தூசின்னு... காலையில கடை திறந்ததும் இருந்த கூட்டத்துல, நாலு தட்டுத் தட்டித் துடைச்சு விட்டுட்டேனே. என் கையில இடி விழ.” எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனார். “இரு. அசல் அப்படியேதான் இருக்கு. வேற போட்டுடறேன். அவரு எடுத்ததை நான் அழிச்சுட்டு, ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறதா? ஊசி போடாமப் போனாலும் போகட்டும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

அவர் பேசியது எதையும் காதில் வாங்காமல் மாஸ்டர் தடுப்பைத் தாண்டி வந்துவிட்டார். நான் கையில் பிடித்திருந்த படத்தை வாங்கிக்கொண்டார். முன்னறை விளக்கின் வெளிச்சம் படும்படி அதைத் தூக்கிப் பிடித்தார்.

“பாத்தியா?” என்றார் அக்காவிடம். “கண்ணு தெரியாதவன் எடுத்த படம். பாத்துக்க.”

“என்னங்க, அதைக் குடுங்க, அது...”

“இரு, இரு. பாத்துட்டுப் பேசு. இதோ வியாழன். இதோ இந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு.” அவருடைய சுட்டுவிரல் படத்தின் மேல் மூன்று முறை தட்டியது. “அந்தப் பக்கம் ஒண்ணு. ஊசியால குத்தின மாதிரி எப்படி விழுந்திருக்கு பாரு.”

அந்த விரலுக்கு அடியில் வெறும் கறுப்பு இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முன்னறையில் அந்தக் குடும்பத்தின் குழந்தை ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

“எண்ணுங்க” என்றார் அக்கா. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. “இன்னொரு தடவை எண்ணுங்க.”

மாஸ்டர் மறுபடி எண்ணினார். இடதில் மூன்று, வலதில் ஒன்று. இம்முறை விரல் முன்பு தட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தட்டியது.

“அங்க ஒண்ணுமே இல்லைங்க. தூசின்னு நினைச்சு நான் காலையிலேயே அழிச்சுட்டேன்.”

மாஸ்டர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போய், “அரை மணி கழிச்சு வாங்க, படம் ரெடியா இருக்கும்” என்று அந்தக் குடும்பத்தை அனுப்பிவிட்டு, வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் அவரே உட்கார்ந்தார். விளக்கு இரண்டும் அவர் மேல் எரிந்துகொண்டிருந்தன. அக்கா போய் ஒன்றை அணைத்தார்.

“வேணும்னே அழிச்சியா?”

“வேணும்னு அழிக்கிறவளா இருந்தா அசலையே அழிச்சிருப்பேன். கை தானாப் போச்சுங்க.”

நான் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். “மாஸ்டர், நேத்து... நீங்க விளக்கணைக்கப் போனப்ப, வளையத்தை நான்தான்...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அந்த ரப்பர்ல வெட்டு இருக்குல்ல. போறப்ப அது என் கட்டைவிரலுக்கு நேரா இருந்துச்சு. வந்தப்ப நகத்தளவு தள்ளி இருந்துச்சு. இருபது வருஷமா அதைப் பிடிக்கறேன் டைரி. கண்ணுதான் போகுது, கை போகல. தெரிஞ்சுக்கிட்டேதான் அமுக்கினேன். உன்னைச் சொல்லி என்ன?”

அக்கா அவர் எதிரில் குனிந்து நின்றார். “என்ன தெரியுது? இப்ப நிஜமாச் சொல்லுங்க. என்னைப் பாத்தா என்ன தெரியுது?”

“காது தெரியுது. கம்மல் தெரியுது. தலைமுடி, தோள், எல்லாம் தெரியுது. நடுவுல யாரோ ஈரக் கையால துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. உன் மூஞ்சியப் பாத்து நாலு மாசமாச்சு.”

அக்கா நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லதாப் போச்சு. நாலு மாசமா உங்களைப் பாத்து முறைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தப்பிச்சீங்க” என்றார். பிறகு என்னிடம், “டைரி, அந்தக் குடும்பப் படத்தை நீ போட்டுக் குடுத்துடுறியா? நான் மேல போய் ரெண்டு துணி எடுத்து வைக்கணும். ஆறு மணி பஸ்ல போனா ராத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, காலையில டோக்கன் போட்டுடலாம்” என்றார்.

“நாளைக்கு ஞாயிறு” என்றார் மாஸ்டர்.

“அப்ப ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல உட்காரலாம். வர்றீங்கல்ல?”

அவர் தலையை ஆட்டினார். அக்கா அது போதாது என்பதுபோல நின்றார்.

“வர்றேன்” என்றார்.

அந்தக் குடும்பப் படத்தை நான்தான் துடைத்தேன். அப்பாவின் கறுப்புக் கோட்டில் வெள்ளையாக நான்கைந்து பொட்டுகள் இருந்தன. தூசியா, பொத்தானின் மினுக்கா, சட்டைத் துணியே அப்படித்தானா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. கடைக்கு வெளியே அவர்கள் பொறுமையிழந்து நிற்பது தெரிந்தும் என் கை வேகமாகப் போகவில்லை.

இரண்டு மாதத்தில் இரண்டு ஊசி போட்டார்கள். ஊசி இறங்கும்போது, அக்காவின் கையைப் பிடித்தபடி டாக்டரிடம் லென்ஸைப் பற்றி ஓயாமல் பேசினாராம். பேச்சை நிறுத்தினால் போதும் கண்ணே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். வலது கண் பெரிதாகத் தேறவில்லை. இடது கண்ணில் மேற்கொண்டு கெடவில்லை, கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றார்கள். வகுப்பு மறுபடி தொடங்கியது. படம் எடுக்க வருகிறவர்களிடம் மாஸ்டர், “கண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன், ரெண்டு படம் சேத்து எடுத்துக்கறேன்” என்று அவரே சொல்லிவிடுகிறார். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். சிலர் ஸ்டூலில் உட்கார்ந்து தங்கள் சர்க்கரையைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார்கள்; அவர்களைக் கிளப்புவதுதான் பாடு என்கிறார் அக்கா.

போன செவ்வாய் வகுப்பு முடிந்ததும் அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். வியாழன் படம், துடைக்காத அசலிலிருந்து போட்டது. பேக்கரிக்காரர்கூடத் தூங்கவில்லை.

மாஸ்டர் அதை எடுத்தார். நேராகப் பார்க்காமல், கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணின் ஓரத்தால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரலைப் படத்தில் வைக்கவில்லை.

“இந்தப் பக்கம் ரெண்டு இருக்கு” என்றார். “அந்தப் பக்கம் ஒண்ணு. இன்னொண்ணு இருக்கணும்.” தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். “அது எனக்குத் தெரியல.”

அக்கா அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து படத்தைப் பார்த்தார்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றார். “எனக்கே தேடினாத்தான் தெரியுது.”